வீட்டின் நிழல் தண்ணீர்ப் பக்கம் விழுந்த கதை

கற்பிட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் சூரியன் கடலில்தான் மறையும் என்பது எனக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எத்தாளையில் எங்கள் வீட்டிலும், மாம்புரியில் சம்பந்தி வீட்டிலும், இத்தாலியில் ஓர் அடுக்குமாடியிலுமாக ஏறக்குறைய முப்பது பேர், எனக்கு அது தெரியாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் ஜெனி என்பதே தெரியாது. 'சூரியனைத் திருப்பின பிள்ளை' என்றால்தான் தெரியும்.

திருப்பினேன்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் திருப்பச் சொன்னார்கள் என்பதையும் எழுதாமல் விடப்போவதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சிலாபத்தில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய், முப்பரிமாண வடிவமைப்பில் ஒரு சான்றிதழ் வாங்கி வந்திருந்தேன். அப்பா அதைச் சட்டம் போட்டு, வீட்டு மண்டபத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார். அதற்குப் பிறகு என் கால் தரையில் படவில்லை. யாராவது வீடு கட்டுவதைப் பார்த்தால் கூப்பிடாமலேயே போய், ஜன்னல் எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். (கொத்தனார் ஒருவர் கரண்டியைக் காட்டித் துரத்தியதும் உண்டு. அதை விடுவோம்.)

நான் படித்த வேலை இதுதான். இன்னும் கட்டாத வீட்டைக் கணினியில் கட்டி, அதைக் காணியின் உண்மையான படத்தின் மேல் இருத்த வேண்டும். பார்க்கிறவர்கள் அதைக் கமராவில் எடுத்த படம் என்றே நம்ப வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் விட முக்கியம் வெளிச்சம். படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, நாம் வைக்கிற வீட்டின் மேலும் அதே பக்கமிருந்து அடிக்க வேண்டும். நிழலும் அதற்கு ஏற்றபடி விழ வேண்டும். இந்தப் பாடம் நடந்த அன்று எங்கள் ஊர்க் கோயில் பெருநாள். நான் வகுப்புக்குப் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா அக்காவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மாம்புரி அன்ரன். சொந்தத் தோணி, சொந்த எஞ்சின், குடிப்பழக்கம் இல்லை என்று தரகர் சொன்னார். அக்காவுக்கு அது மூன்றாவது பேச்சு. முதல் இரண்டும் வீட்டுப் படி வரைக்கும் வந்து முறிந்தவை. அப்பா சீதனமாகக் கொடுப்பதாகச் சொன்னது எங்கள் கடற்கரைக் காணி. அதில் வீடு கட்டித் தருவதும் பேச்சு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிலம் ஒடுங்கிய நீளமான துண்டு. மேற்கே கடல், கிழக்கே களப்பு என்கிற அலையில்லாத உப்பங்கழி. இரண்டு பக்கமும் தண்ணீர்தான். ஆனால் கடல் தொழிலுக்குப் போகிறவனுக்குக் கடல் பக்கக் காணி என்றால் தோணியை வாசலிலேயே ஏற்றி வைக்கலாம். களப்புப் பக்கக் காணி என்றால் தினமும் விடிய முன்னே எழும்பி ஊரைக் கடந்து ஓட வேண்டும். ஆகவே சம்பந்தம் நின்றது அக்காவின் அழகில் இல்லை, அந்தக் 'கடல் பக்கம்' என்ற இரண்டு சொல்லில்தான்.

அன்ரன் வீட்டில் கடைசி முடிவு எடுப்பவர் இத்தாலியில் இருந்த அவருடைய அக்கா மெற்றில்டா. அவர் போனில், "வீடு எப்பிடி வரும் எண்டு ஒரு படம் அனுப்புங்களன்" என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டம் போட்ட சான்றிதழைப் பார்த்தேன்.

காணியைப் படம் எடுக்க அக்காவும் கூட வந்தாள். "பின்னேரம் ஐஞ்சரைக்குப் போவம். அப்பத்தான் வெளிச்சம் வடிவா இருக்கும்" என்று நேரம் குறித்ததும் அவள்தான். (நான் வெளிச்சம் படித்தவள், அவள் எனக்கு வெளிச்சம் சொல்கிறாள் என்று உள்ளே எரிச்சல்.) காணிக்குப் போனதும் சிப்பி பொறுக்கப் போகிறேன் என்று தாழைப் பற்றைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வரும்போது கையில் ஒரு சிப்பிகூட இல்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. நான் தெருப் பக்கம் நின்று கடலைப் பார்த்துப் பதினேழு படம் எடுத்தேன். கரையில் ஏற்றி வைத்த தோணிகள் சில நின்றன. நான் அவற்றைப் பார்க்கவேயில்லை. என் கண்ணெல்லாம், வீடு வரப்போகிற வெறும் மணலில் இருந்தது. சூரியன் படத்துக்குள் வந்து கண்ணைக் குத்தியதால் பிறகு அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டேன். சூரியனையே வெட்டி எறிந்த பெண் வெளிச்சத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்காதீர்கள், ஏற்கனவே நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

நாலு நாள் இருந்து வீட்டைக் கட்டினேன். முன்னுக்கு விறாந்தை, இரண்டு தூண், சிவப்பு ஓடு. சுவருக்கு இளம் பச்சை நிறம், அதை அக்கா ஒரு முழு நாள் இருந்து தெரிவு செய்தாள். நன்றாகக் கேளுங்கள், முதல் படம் சரியாகத்தான் வந்தது. வெயில் கடல் பக்கமிருந்து வந்தது. வீட்டின் நிழல் எங்களை நோக்கி நீண்டு கிடந்தது. தெருவைப் பார்த்த முகப்பு இருண்டிருந்தது, அது இருளத்தான் வேண்டும். (உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அது தற்செயல். மென்பொருளில் சூரியன் வந்து நின்ற இடத்தை நான் தொடவேயில்லை.)

அம்மா படத்தைப் பார்த்தாள். "இதென்ன பிள்ள, செத்தவீடு மாதிரி இருக்கு?"

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கரண்ட் பில் கட்டாத வீடு மாதிரியெல்லோ கிடக்கு."

அக்கா அழுகிற குரலில் சொன்னாள். "நான் பச்சை சொன்னன். இது கருவாட்டு நிறம்."

வெயில் பின்னால் இருந்தால் முன்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? "அது ஒரு சின்ன விஷயம்" என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லி, மென்பொருளில் சூரியனைத் திருப்புகிற சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றினேன். சூரியன் கடல் பக்கமிருந்து தெருப் பக்கத்துக்கு வந்தது. விறாந்தை பளிச்சென்றது. பச்சை பச்சையானது. போதாததற்கு வெயிலுக்குப் பின்னேர மஞ்சளையும் கொஞ்சம் கூட்டினேன். வீட்டின் நிழல் நீண்டு தண்ணீர்ப் பக்கம் போய் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். அப்பா, "இப்பத்தான் வீடு" என்றார். அம்மா என் தலையைத் தடவினாள். எங்கள் வீட்டில் என் தலையை யாராவது தடவியது அதுதான் கடைசி.

படம் இத்தாலிக்குப் போனது. மெற்றில்டா அக்கா இதயமாக அனுப்பினார். அதோடு விட்டிருக்கலாம். விடாமல் தங்கள் குடும்பக் குழுவுக்கும் அனுப்பினார். அங்கே இருந்தார் லோரன்ஸ் மாமா.

லோரன்ஸ் மாமா அன்ரனின் தாய்மாமன். நாற்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். கையில் மணிக்கூடு கட்டாதவர், ஏனென்றால் நிழலைப் பார்த்து நேரம் சொல்லுவார். இப்படிப்பட்டவர் கையில் போய் என் படம் விழ வேண்டுமா? அவர் விறாந்தையைப் பார்க்கவில்லை. தூணைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி நிழலைப் பார்த்தார்.

அடுத்த நாள் அப்பாவுக்குப் போன் வந்தது. அப்பா எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"படம் வடிவா இருக்கு" என்று தொடங்கினார் லோரன்ஸ் மாமா. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஒரு சின்ன விஷயம் கேக்கணும். வெயில் மஞ்சளா இருக்கு. அப்ப அது பொழுதுபடுற நேரம். சரிதானே?"

"ஓம்" என்றார் அப்பா.

"வீட்ட நிழல் தண்ணிப் பக்கம் விழுது. அப்ப பொழுது படுறது தெருப் பக்கம். நம்மட கரையில பொழுது படுறது கடல்ல. தெருப் பக்கம் மேற்கு எண்டா, வீட்டுக்குப் பின்னால கிடக்கிற தண்ணி கிழக்கு. கிழக்கால நமக்கு என்ன தண்ணி இருக்கு, அண்ணன்?"

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள்.

"களப்பு" என்றார் லோரன்ஸ் மாமா. "கடல் பக்கக் காணி எண்டு சொல்லி, களப்புக் காணியைக் காட்டுறீங்க."

நான் பாய்ந்தேன். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே போகாதே என்று அம்மா கண்ணால் சொன்னாள். நான் கேட்டேனா? "இல்ல மாமா, அது காலை வெயில்" என்றேன். காலையில் சூரியன் கிழக்கே, தெருப் பக்கம்தானே. நிழல் கடல் பக்கம் விழும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக யோசித்தது இல்லை.

அவர் படத்தை இன்னும் பெரிதாக்கினார். விரல் கண்ணாடியில் தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன்.

"காலை வெயில் எண்டா, மகள், கரையில நிக்கிற ரெண்டு தோணியிட நிழலும் ஏன் மத்தப் பக்கம் விழுது?"

அப்போதுதான் முதன்முதலாக நான் அந்தத் தோணிகளைப் பார்த்தேன். நாலு நாள் கண் முன்னே இருந்த படம். இரண்டு தோணியின் நிழலும் எங்களை நோக்கி விழுந்திருந்தது. வீட்டின் நிழல் அவற்றைப் பார்த்து விழுந்திருந்தது. ஒரே மணலில், ஒரே நேரத்தில்.

"ஒரு ஊருக்கு ரெண்டு சூரியன் இல்லையே, பிள்ள. எங்கயோ கிடக்கிற காணியை எங்கயோ கிடக்கிற கடலோட ஒட்டியிருக்கிறீங்க" என்றார் அவர். "மெற்றில்டாப் பிள்ளை சொல்லுது, இது தெளிவாகாம கோயில்ல கலியாண அறிவித்தல் குடுக்க வேணாமாம்." போன் வைக்கப்பட்டது.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மாம்புரியிலிருந்து எத்தாளைக்கு எவ்வளவு தூரம்? மோட்டார் சைக்கிளில் ஏறினால் தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்து சேரலாம். வந்து காணியில் நின்று பார்த்தால் அலை அடிப்பது தெரியாதா? தெரியும். ஆனால் வரமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்துக்கு முன்னே காணி பார்க்க வந்தால், சீதனத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்று ஊர் கதைக்குமாம். அது மரியாதை இல்லையாம். வீட்டில் இருந்துகொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எங்களைக் கள்ளர் என்று சொல்வது மரியாதையாம்.

விஷயம் சின்னது இல்லை. கலியாணத்துக்கு முன்னே மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்தல் வாசிக்க வேண்டும். வருகிற ஞாயிறு தொடங்காவிட்டால் தவக்காலம் வந்துவிடும், தவக்காலத்தில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்தால் சோளகக் காற்று தொடங்கிவிடும். எங்கள் கடல் கொந்தளிக்கும், கடல் தொழிலாளிகள் கிழக்குக் கரைக்கு வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கப் போய்விடுவார்கள். அன்ரனும் போவார். திரும்பி வர ஐப்பசி ஆகும். ஐப்பசி வரைக்கும் சந்தேகத்தோடு தொங்குகிற சம்பந்தம் எந்த ஊரில் நிலைத்திருக்கிறது? அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதல் இரண்டு பேச்சும் முறிந்தபோது பாண் வெட்டிச் சாப்பிட்டவள், இந்தத் தடவை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. எங்கள் காணி கடல் பக்கம்தான் என்று சொல்ல ஊரில் ஆயிரம் தோணிக்காரர்கள் இருப்பார்கள். அன்ரனும் தோணிக்காரர்தானே. அந்தக் கரையால் தினமும் போகிறவர். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை? மாமாவுக்குப் பயந்த சாமான் என்று மனதுக்குள் திட்டினேன். அக்காவிடமும் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று வந்து கதவில் மோதியது.

அப்பா, காணி உறுதிப் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்புவோம் என்றார்.

"அனுப்புங்க" என்றாள் அம்மா. "அதையும் உங்கட மகள்தான் கட்டினவள் எண்டு சொல்லுவாங்க."

எல்லாப் பார்வையும் என் பக்கம். சூரியனைத் திருப்பச் சொன்ன மூன்று பேரும் ஒரே இரவில் அதை மறந்துவிட்டார்கள். செத்தவீடு என்று சொன்னது யார்? கருவாட்டு நிறம் என்று சொன்னது யார்? ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. "படிச்ச பிள்ளைக்கு இது தெரிய வேணாமா" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் என்ன, வானத்தில் இருக்கிற சூரியனையா திருப்பினேன்?

அடுத்த நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. வீடும் இல்லாமல், வெட்டும் இல்லாமல், கமராவில் எடுத்தபடி இருந்த படத்தை எடுத்தேன். அதில் சூரியன் கடலுக்கு மேலே பளபளவென்று நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 'இதுதான் எங்கள் காணி. பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கோபமாக எழுதி லோரன்ஸ் மாமாவுக்கு நேரே அனுப்பினேன்.

உடனே போன் எடுத்தார். "பிள்ள, இல்லாத வீட்டை வச்ச ஆளுக்குச் சூரியனை வைக்கிறது பெரிய வேலையா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்ப் படத்தை உண்மை என்று நம்பினார், உண்மைப் படத்தைப் பொய் என்கிறார். "நல்லாப் பெரிசாக்கிப் பாருங்க மாமா. ஒவ்வொரு மணலாப் பாருங்க. நான் ஒரு பொட்டும் தொடயில்ல" என்றேன். (பாருங்கள், நானே சொன்னேன். என் வாயால்.)

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நடுவுல ஒரு நீலத் தோணி நிக்குதே. முதல் படத்துல அது இல்லையே."

"அது வீட்டுக்குப் பின்னால மறைஞ்சு போச்சு மாமா."

"ஆர்ட தோணி அது?"

"எனக்கென்ன தெரியும்."

"எனக்குத் தெரியும்" என்றார் லோரன்ஸ் மாமா. "முன்பக்கத்துல பச்சையா ஒரு ஒட்டு இருக்கே, அது நான் போட்ட ஒட்டு. நீலப் பெயின்ற் முடிஞ்சுபோய்ப் பச்சையைப் பூசினன். அது நம்மட அன்ரன்ட தோணி." பிறகு, இன்னும் மெதுவாக, "இந்தப் படம் எடுத்தது எண்டைக்கு, மகள்?"

போன வெள்ளிக்கு முதல் வெள்ளி, பின்னேரம் ஐஞ்சரை என்று சொல்லிவிட்டேன். நிமிடம் வரைக்கும் சொன்னேன். நேர்மையை நிரூபிக்கிற ஆவேசத்தில் இருந்தேன்.

"அண்டைக்கு அவன் எஞ்சின் பழுது எண்டு சொல்லிப் பிந்தி வந்தவன்" என்றார் மாமா. "படம் எடுக்கேக்க ஸ்டெல்லாப் பிள்ளையும் கூட வந்ததா?"

அப்போதுதான் எனக்குச் சிப்பி இல்லாத கை ஞாபகம் வந்தது. தாழைப் பற்றை ஞாபகம் வந்தது. தரகரைத் தேடிப்போய் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவரச் சொன்னது யார், அன்ரன் ஏன் வாயைத் திறக்கவில்லை, கதவில் வந்து மோதியது எதற்காக என்று எல்லாமே ஒன்றாகப் புரிந்தது. எங்கள் காணி எது என்று தெரியும் என்று அன்ரன் சொன்னால், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். நான் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். மாமாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா அறைக் கதவில் நின்றாள். "நீ என்ன படத்தை அனுப்பினாய்?" என்றாள். காட்டினேன். அவள் என்னை அடிக்கவில்லை. தரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் நாலு பக்கம் போகும். சுருக்கமாகச் சொல்கிறேன். திட்டு விழுந்தது எனக்கு. முக்கால் மணி நேரம் தாழைப் பற்றைக்குப் பின்னால் நின்றவளுக்கு இல்லை, முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று படம் எடுத்தவளுக்கு. "அவளைக் கூட விட்டதே நீ பாத்துக்கொள்ளுவாய் எண்டுதானே" என்றாள் அம்மா. நான் காவலுக்குப் போனவள் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. மாம்புரியில் அன்ரனின் அம்மா, பேசிச் செய்கிற கலியாணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்று அழுதாராம். இத்தாலியிலிருந்து மெற்றில்டா அக்கா ஒன்பது குரல்பதிவு அனுப்பினார். ஒன்றையும் நாங்கள் முழுதாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை லோரன்ஸ் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். காணி பார்க்க வரவில்லை என்று முதலிலேயே சொன்னார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அண்ணன், அது கடல்தான்" என்றார் அப்பாவிடம். "அந்தத் தோணி களப்புக்குள்ள போகாது. காணியில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல." கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா தோணி அங்க போய் நிக்குதெண்டா, இனி இந்த ஞாயிறைத் தவற விடக்கூடாது. நான் இப்ப கோயில் சாமியாரிட்டத்தான் போறன். நீங்களும் வெளிக்கிடுங்க."

அடுத்த நாள் பூசையில் அறிவித்தல் வாசித்தார்கள். அக்கா முக்காட்டுக்குள்ளே அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு ஒரு நன்றி கிடைத்ததா? இன்றுவரை இல்லை. நான் அந்தப் படத்தை அனுப்பாவிட்டால் அவள் ஐப்பசி வரைக்கும் அறைக்குள்ளேயே இருந்திருப்பாள்.

இப்போது அந்தக் காணியில் வீடு இருக்கிறது. இளம் பச்சைச் சுவர், இரண்டு தூண், இரண்டு பிள்ளைகள். மண்டபத்தில் அவர்களுடைய கலியாணப் படம் பெரிதாகத் தொங்குகிறது. அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பழியும் என் தலையில்தான் இருக்கிறது.

கோயிலில் எல்லாம் முடிந்து, பின்னேரம் குடும்பப் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போனோம். படக்காரர் எங்களைச் சூரியனைப் பார்த்து நிற்கச் சொன்னார். லோரன்ஸ் மாமா மறித்தார். கடல் பின்னால் வர வேண்டும், சூரியன் கடலுக்கு மேல் தெரிய வேண்டும், எல்லாருடைய நிழலும் முன்னால் விழ வேண்டும், இந்தக் குடும்பத்தில் இனி ஒரு படத்திலும் சந்தேகம் வரக்கூடாது என்றார். முகம் இருட்டாக வருமே ஐயா, பிளாஷாவது போடுகிறேன் என்று படக்காரர் கெஞ்சினார். "அது ரெண்டாவது சூரியன்" என்றார் மாமா. "போட விடமாட்டன்." நான் வெளிச்சம் படித்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பது பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

படத்தில் வானம் அருமை. கடல் பொன்னாக மின்னுகிறது. முன்னால் முப்பது பேர் அட்டக்கரியாக நிற்கிறோம். மணப்பெண்ணைக் கண்டுபிடிக்க முக்காட்டைத் தேட வேண்டும், மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பக்கத்தில் தேட வேண்டும். என்னை நானே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற புது ஆட்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, இதில் யார் யார் என்று கேட்பார்கள். லோரன்ஸ் மாமா இருந்தால் அவர் சொல்லுவார், அவர் இல்லாவிட்டால் அன்ரன் அத்தான் சொல்லுவார், இப்போது அக்காவின் சின்ன மகளும் சொல்லப் பழகிவிட்டாள்.

"ஆரெண்டு தெரியாது. ஆனா கடல்."